புண்ணும் அடவும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த குறிப்பு ஒரு பக்கம்தான். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் அவர் சாத்திவிட்டுப் போன கதவுகள் அதிகம். அகதிக் குழந்தைகள், ஆதரவற்ற குழந்தைகள், குடியால் சீரழிந்த வீட்டுக் குழந்தைகள் ஆகியோருக்கு நடனம் கற்றுக்கொடுத்து மனப்புண்ணை ஆற்றுவதாகச் சொல்லும் காரியங்கள் எல்லாம் சமூக சேவை, நடக்கட்டும், ஆனால் அவற்றைப் பற்றிக் கலை விமர்சகன் பேசுவதற்கு எதுவும் இல்லை, கலை தன்னளவில் பூரணமானது, அதற்கு வேறு வேலை கொடுக்கிறவன் கலையை வேலைக்காரியாக்குகிறான். இதுதான் அவர் வாதம். 'வேலைக்காரி' என்ற சொல்லை அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வசவாக உபயோகித்திருப்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

அவருடைய எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு. 'நடனம் குணப்படுத்தும்' என்ற வாக்கியத்தை அச்சடித்த அழைப்பிதழைக் கண்டால் எனக்கும் காது சூடாகிறது. ஆனால் எரிச்சலிலிருந்து அவர் போய்ச் சேரும் இடம்தான் தப்பு. ஒரு காரியம் அசட்டுத்தனமாக நடக்கிறது என்றால், அது எந்த இடத்தில் அசடு, எந்த இடத்தில் அசடு இல்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டியவன் விமர்சகன். அவனே 'இது என் எல்லைக்குள் இல்லை' என்று ஒதுங்கிக்கொண்டால் எப்படி? எங்கள் வங்கியில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு: 'அந்தக் கவுண்டரில் கேளுங்கள்.' நண்பரின் அழகியல் எனக்கு அந்த வாய்பாட்டைத்தான் ஞாபகப்படுத்தியது.

அவர் எதைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். இடம் லவ்டேல். ஊட்டி மலை ரயிலில் கேத்திக்கு அடுத்த ஸ்டேஷன். வெளியூர்க்காரர்களுக்கு லவ்டேல் என்றால் லாரன்ஸ் பள்ளி. 1858ல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் அநாதைக் குழந்தைகளுக்காக 'அஸைலம்' என்ற பெயரோடு தொடங்கியது. இன்று இந்தியாவின் செலவுமிக்க விடுதிப் பள்ளிகளில் ஒன்று. அநாதைகளின் பெயரில் தொடங்குகிற ஸ்தாபனங்கள் நூற்றைம்பது வருஷத்தில் எங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்தான், ஆனால் நான் பேச வந்தது அந்தப் பள்ளியைப் பற்றி அல்ல. ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு வாடகை மண்டபத்தில், ஓர் அறக்கட்டளை (பெயர் எதற்கு, இதைப் போல இன்னும் பல இருக்கின்றன) நடத்திய ஆண்டு விழா அது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்தும் காய்கறித் தோட்டக் கூலிக் குடும்பங்களிலிருந்தும் சுமார் இருபது குழந்தைகள். இரண்டு வருஷமாக சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியை வந்து பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அரங்கேற்றம் என்று சொல்லவில்லை. 'பகிர்தல்' என்று சொன்னார்கள். இந்த மாதிரி இடங்களில் எல்லாமே பகிர்தல்தான்.

குழந்தைகள் மேடைக்கு வருவதற்கு முன் ஒரு பெண்மணி ஒலிபெருக்கி முன் நின்று, ஆங்கிலத்தில், ஒவ்வொரு குழந்தையாக அறிமுகம் செய்தார். இந்தப் பெண்ணின் தகப்பன் குடிகாரன். இவளுடைய அம்மா திருப்பூருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இவன் இரண்டு வருஷத்துக்கு முன் யாரோடும் பேசமாட்டான். பெயரைச் சொல்லி, குழந்தையைக் கைகாட்டிச் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் அந்தக் குழந்தைகளின் பாட்டிமார் ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துண்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தங்கள் வீட்டு மானம் அங்கே விநியோகமாகிக்கொண்டிருப்பது தெரியாமல், பெயர் வந்தபோதெல்லாம் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

பிறகு ஆட்டம். முதலில் 'வலி' என்று ஓர் உருப்படி. கருப்புத் துணி, ஒலிநாடாவில் புல்லாங்குழல், குழந்தைகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்து, பிறகு மெதுவாக நிமிர்ந்து கையை உயர்த்தி வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. துக்கம் எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களோ, அதைச் சின்னவர்கள் செய்து காட்டினார்கள். அடுத்தது வெறும் அலாரிப்பு. அதற்கு அறிமுக உரை இல்லை, கதை இல்லை, கருப்புத் துணி இல்லை. ஆசிரியை தட்டுக்கழியோடு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் வரிசையில் பத்துப் பதினொரு வயதில் ஒரு பெண். அரைமண்டி அவ்வளவு தீர்மானமாக உட்கார்ந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, சொற்கட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். நடுவில் பக்கத்துப் பையன் ஒரு அடி தவறவிட்டான். அவள் தலையைத் திருப்பாமல், கண்ணின் ஓரத்தால் மட்டும் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வித்வான் பக்கவாத்தியக்காரரைப் பார்க்கிற பார்வை. அவன் சேர்ந்துகொண்டான். கடைசித் தீர்மானம் விழுந்தபோது அவள் முகத்தில் வந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்னை. முன்வரிசைக்காரர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இன்னும் முதல் உருப்படிக்கே அழுதுகொண்டிருந்தார்கள்.

வெளியே தேநீர் கொடுக்கும்போது ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "நல்லாத்தான் ஆடுதுக தம்பி. இது எந்தச் சாமிக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் கேள்வி யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அழைப்பிதழில் இவர்களை 'அகதிகள்' என்று போட்டிருந்தார்கள். அது பிழை. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்து முகாம்களில் இருப்பவர்கள் வேறு. இவர்கள் சட்டத்தின் கண்ணில் 'தாயகம் திரும்பியோர்'. 1948ல் சுதந்திர இலங்கை முதல் காரியமாகத் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வங்கியில் லெட்ஜர் சரிசெய்கிறவனுக்கு இந்தக் கணக்கின் சுத்தம் புரியும். ஒரு பைசா நிலுவை இல்லை. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களுக்கு 'திரும்பியோர்' என்று பெயர் வைத்தது அந்த லெட்ஜரின் மொழி. தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவாகி, ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1968ல் வனத்துறையின் கீழ் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ என்ற அரசுக் கழகமானது. 2022ல் அந்தத் தேயிலை நிலத்தில் ஒரு பகுதியை மறுபடி வனத்துறைக்கே கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்றபின் லயத்து வீட்டைக் காலி செய் என்றால் எங்கே போவது என்று கேட்டு அந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதாவது, இறக்கி வைத்த மூட்டை ஐம்பது வருஷமாக இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

இந்தப் பின்னணியில் 'மனப்புண்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புண் மனத்தில் இருக்கிறது என்று தீர்மானித்துவிட்டால், வீட்டுப் பட்டாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நம்முடைய பழைய ஆள் ஒருவரிடம் இதைப் பற்றி நல்ல தெளிவு இருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நம் சிறுபத்திரிகைக்காரர்கள் புலவர்களிடம் விட்டுவிட்டார்கள். ரசக் கோட்பாட்டின் தமிழ்ப் பிரதி என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பட்டியலின் உலகியல்பு. அழுகை என்ற மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள்: பிறர் இகழ்வதால் வரும் இளிவு, பறிகொடுப்பதால் வரும் இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கத்தின் சாரம், இருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் விழுந்து வருந்துவது. தாயகம் திரும்பியவர்களைப் பற்றி இதைவிடக் கறாராக எந்தக் கமிஷன் அறிக்கையும் சொன்னதில்லை. கவனிக்க வேண்டியது, நான்கில் ஒன்றுகூட அழுகிறவனுக்குள் இல்லை. எல்லாம் வெளியே. இகழ்கிறவன் ஒருத்தன் இருக்கிறான், பறித்தவன் ஒருத்தன் இருக்கிறான். நான்காவது களன் மாதக் கடைசியில் எங்கள் கவுண்டருக்கே வந்து, பாஸ்புக்கை நீட்டி, எவ்வளவு விழுந்திருக்கிறது என்று கேட்கிறது. இதில் எதை அலாரிப்பு ஆற்றும்? எந்த வறுமைக்கு எந்த முத்திரை?

சரி, அப்படியானால் நடனம் எதற்கும் ஆகாது என்று நண்பர் சந்தோஷப்பட வேண்டாம். அதே இயலில் இன்னொரு மெய்ப்பாடு இருக்கிறது: பெருமிதம். அதற்கும் நான்கு களன்கள்: கல்வி, தறுகண், புகழ், கொடை. வீரம் என்று வடமொழிக்காரர்கள் வைத்த இடத்தில் பெருமிதம் என்று வைத்து, அதன் முதல் ஊற்றாகக் கல்வியைச் சொன்ன அந்த மனுஷனின் நுட்பத்தை நான் வியக்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தில் கடைசித் தீர்மானத்தோடு வந்தது இதுதான். ஒரு கஷ்டமான காரியத்தை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது என்று உடம்புக்கே தெரிகிற கணம். அவள் அழுகை ஆறியதால் அது வரவில்லை. அவள் அழுகையைப் பற்றி அந்த எட்டு நிமிஷம் யாரும் கேட்காததால் வந்தது.

ஆக, என் வாதம் இது. அந்த மண்டபத்தில் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒன்றாக்கி இரண்டையும் கெடுத்தார்கள். ஒன்று வைத்தியம். இன்னொன்று கலை. வைத்தியத்துக்கு முதல் நிபந்தனை மறைவு. கலைக்கு முதல் நிபந்தனை தேர்ச்சி. இவர்கள் வைத்தியத்தை மேடையில் ஏற்றி மறைவை ஒழித்தார்கள். கலைக்கு வைத்தியத்தின் சலுகையைக் கொடுத்துத் தேர்ச்சியை ஒழித்தார்கள். 'வலி' என்ற அந்த உருப்படி கலையாக மோசம் என்று சொன்னால், அது குழந்தைகளுக்கான சிகிச்சை என்பார்கள். சிகிச்சை என்றால் டிக்கெட் எதற்கு என்று கேட்டால், இது கலை என்பார்கள். மாறி மாறி இரண்டு கதவு உள்ள வீட்டில் கடன்காரனைத் தவிர்க்கிற தந்திரம்.

வைத்தியமாகவே நடனத்தைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் கேலி செய்யவில்லை. அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக்காரி 1942ல் வாஷிங்டனின் செயின்ட் எலிஸபெத்ஸ் மனநோய் மருத்துவமனைக்குள் போனார். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் நிறைந்த காலம். அவர் முறை என்ன? நோயாளிக்கு அடவு சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவன் மூலையில் உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தால், அவர் எதிரே போய் அந்த விரலசைவையே தன் உடம்பில் வாங்கி ஆடினார். அவன் அசைவுக்கு ஓர் உடம்பு பதில் சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும்வரை. அங்கே ஆசிரியை நோயாளியைப் பார்த்துச் செய்கிறாள். லவ்டேலில் குழந்தை ஆசிரியையைப் பார்த்துச் செய்கிறது. திசையே நேர் எதிர். சேஸின் வழியில் ஒரு துறை வளர்ந்து, 1966ல் அங்கே சங்கம் அமைந்தது. நம் நாட்டில் பெங்களூரில் த்ரிபுரா காஷ்யப் அந்த வழியில் வேலை செய்திருக்கிறார். கல்கத்தாவில் சோஹினி சக்கரவர்த்தி 2004ல் தொடங்கிய சன்வேத், கடத்தி விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு வேலை செய்கிறது. அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது, குணமானதாகச் சொல்லப்படும் பெண்களில் சிலர் தாங்களே ஆசிரியர்களாகி அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது. அதாவது 'பயனாளி' என்ற நிரந்தரப் பதவியிலிருந்து ஒரு வெளிவாசல் இருக்கிறது. நம் லவ்டேல் அறக்கட்டளையின் சுற்றறிக்கையில் அப்படி ஒரு வாசல் வரையப்படவில்லை.

கலையாகவே கற்றுக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பெருங்கட்டூர் ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுத் தன் தகப்பனாரின் ஜமாவில் கூத்தாடப் போனவர். தனக்கு நேர்ந்தது அடுத்தவனுக்கு வேண்டாம் என்று, கூத்தையும் பள்ளிப் படிப்பையும் சேர்த்து, ஏழைக் குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து, கற்றுக்கொடுத்தார். அங்கே யாரும் யாரையும் குணப்படுத்துவதாகச் சொல்லவில்லை. கட்டை கட்டி விடியவிடிய ஆடத் தெரிய வேண்டும், பாடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குழந்தைகளின் மனத்துக்கு நல்லது நடந்திருக்காதா என்றால், நடந்திருக்கும். நன்றாகத் தூங்குகிறவனுக்கு ஜீரணமாவது போல, தன்பாட்டில். திபெத்தியர்களைப் பாருங்கள். ஊட்டிக்கு ஸ்வெட்டர் வாங்கப் போகிற நண்பர்களுக்கு அவர்களைத் தெரியும். 1959ல் தலாய் லாமா தப்பி வந்த அதே வருஷம், கூரை நிச்சயமாவதற்கு முன்பே, காலிம்பாங்கில் இசை நடன நாடக அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். பின்பு அது தர்மசாலாவுக்குப் போனது. அவர்களும் அகதிகள்தான், உண்மையான அகதிகள். ஆனால் அங்கே ஆட்டத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றார்களா, குழந்தைகளை ஆட்டத்துக்கு ஏற்றார்களா? கைமாறி வந்த ஒன்று அறுந்துவிடக்கூடாது என்பதற்காகக் குழந்தைகள் வேண்டியிருந்தார்கள். தன்னை ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்று ஒரு குழந்தைக்குத் தெரிவதும், தன்மேல் ஒருவருக்கு இரக்கம் என்று தெரிவதும் ஒன்றல்ல.

யுத்தத்துக்கு நடுவே ஈழத்தில் நடந்ததை நம்மவர்கள் போதிய அளவு படிக்கவில்லை. மட்டக்களப்பில் 1996ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, யாழ்ப்பாணத்தில் சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு, சீலாமுனையில் ஜெயசங்கர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் ஆகிய மூன்றும் மூன்று விதம். தயா சோமசுந்தரம் என்ற மனநல மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது, அங்கே வடுப்பட்டது தனித்தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் என்ற கூட்டுறவே வடுப்பட்டிருக்கிறது என்பது. அப்படியானால் ஒரு குழந்தையை அதன் பாட்டியிடமிருந்து பிரித்து மேடையில் நிறுத்தி ஆற்றுவது எப்படி?

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். இது எந்தச் சாமிக்கு? மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். காமனை ஊன்றி, இரவிரவாகத் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடி, கடைசி இரவில் சிவன் கண்திறந்து காமன் எரிவான். ரதி அழுவாள். அந்த ஒப்பாரியில் லயத்துப் பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் இழவைச் சேர்த்து அழுவார்கள். பிறகு காமன் எழுப்பப்படுவான். காலையில் பிரட்டுக்கு ஆள் சேர்க்கத் தோட்டத்துக்காரன் அடிக்கவைத்த அதே தப்பு, இரவில் இதற்கு. நேர்த்தி வைத்துத்தான் ரதி வேஷம் கட்டுவான் ஒரு பையன். அவன் அழுவது அவனுடைய சொந்தக் கதையை இல்லை. யாரும் ஒலிபெருக்கியில் அவன் தகப்பன் குடிப்பதைச் சொல்வதில்லை. ரதியின் அழுகை என்ற முகமூடி அவன் மானத்தைக் காக்கிறது, அதே சமயம் அழவும் விடுகிறது. ஃபார்ம் என்பதன் உபயோகம் இதுதான், நண்பரே. ஃபார்ம் என்ற சொல்லை முப்பது கட்டுரைகளில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஃபார்மை அறிந்த பாட்டிமார் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, குழந்தைகளுக்குக் கருப்புத் துணி போர்த்தி 'வலி'யை நடிக்க வைத்தவர்கள், ஒரு தடவையாவது அவர்களிடம் உங்களுக்கு என்ன ஆடத் தெரியும் என்று கேட்டார்களா?

இந்த மலையிலேயே, லவ்டேலிலிருந்து அதிக தூரமில்லாத கொல்லிமலைக் கிராமத்தில், கோத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாவு இரண்டு: பச்சைச் சாவு, வறண்ட சாவு. செத்தவுடன் ஒன்று, காலம் சென்று, இறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து இன்னொன்று. அது முடிகிறபோது இசையும் ஆட்டமும் வருகின்றன, துக்கம் முடிந்துவிட்டது என்று ஊர் தீர்மானிக்கிறது. துக்கத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது; ஆனால் அது நிதியாண்டு இல்லை.

பரதநாட்டியத்தையே கொடுக்கக்கூடாது, தப்பாட்டம்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அது இன்னொரு அசட்டுத்தனம். லயத்துக் குழந்தை தப்புதான் அடிக்க வேண்டும் என்பது ஜாதி பேசுகிற குரல், அதற்கு நாட்டார் கலை என்று மேல்சட்டை போட்டாலும். அந்தப் பெண்ணின் அரைமண்டியை யாரும் அவளிடமிருந்து பிடுங்கக்கூடாது. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? 'ஐயாயிரம் வருஷத்துத் தெய்வீகக் கலை, அதன் தூய்மை இந்தக் குழந்தைகளைத் தொட்டது' என்றார் ஒலிபெருக்கிப் பெண்மணி. ஐயாயிரம் வருஷம் கிடக்கட்டும், தொண்ணூறு வருஷத்தைப் பார்ப்போம். சதிர் ஆடிய குடும்பங்களின் வீட்டுக் கூடத்தில் இருந்தது இந்த ஆட்டம். 1935ல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறினார். 1936ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. 1947ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, பொட்டுக்கட்டுதலை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஆட்டம் ஒரு பக்கமும் ஆடியவர்கள் மறுபக்கமும் போனார்கள். சிருங்காரத்தில் அழுக்கு இல்லை, சுத்தப்படுத்த அதில் எதுவும் இல்லை என்று பாலசரஸ்வதி கடைசிவரை வாதாட வேண்டியிருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் ஒளவை இல்லம் பெண்களை ஆட்டத்திலிருந்து மீட்டது. அன்றைக்கு மறுவாழ்வு என்றால் சலங்கையைக் கழற்றுவது. இன்றைக்கு மறுவாழ்வு என்றால் சலங்கையைக் கட்டுவது. ஒரு கூட்டத்துக் குழந்தைகளிடமிருந்து அவமானம் என்று பிடுங்கியதை, இன்னொரு கூட்டத்துக் குழந்தைகளுக்கு வரம் என்று கொடுக்கிறோம். இந்த வரலாற்றை அந்தக் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுக்கலாம். இடம் பறிபோனவர்களின் ஆட்டம் இது என்று தெரிந்தால் அவர்களுக்கு அது இன்னும் நெருக்கமாகும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. தெய்வீகம் என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர்வார்கள்.

கடைசியாக, நண்பரின் அரிஸ்டாட்டில். கலைக்கு வைத்தியத்தோடு சம்பந்தமில்லை என்று நிறுவ அவர் கதார்ஸிஸை இழுத்திருக்கிறார். தப்பான சாட்சி. பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு அது தூய்மையாக்கல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் 1857லேயே யாகோப் பெர்னேஸ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் அது பேதிக்குக் கொடுப்பது போன்ற வைத்தியச் சொல்தான் என்று வாதாடிவிட்டார். அவர் தம்பி மகளைத்தான் பின்னால் ஃப்ராய்ட் கல்யாணம் செய்துகொண்டார் என்பது ஒரு தற்செயல்; அல்லது தற்செயல் இல்லை. பெர்னேஸ் சொன்னது முழுவதும் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கத்தில்கூட, பேதியாவது பார்க்கிறவனுக்கு. நடிகனுக்கு அல்ல. லவ்டேலில் நடந்ததை இதைக்கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும்: அன்று மாலை அந்த மண்டபத்தில் யாராவது குணமானார்கள் என்றால், அது முன்வரிசை. இரக்கத்தையும் பயத்தையும் கழித்துவிட்டு லேசாக எழுந்து காரில் போனார்கள். அதற்கான உடல் உழைப்பு குழந்தைகளுடையது. இதைச் சொல்ல விமர்சகன் வேண்டும். அழகியல் தெரிந்த விமர்சகன்தான் வேண்டும். உள்ளே நுழையமாட்டேன் என்று நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள்.

அன்று ஆசிரியையோடு பஸ் நிறுத்தம்வரை பேசிக்கொண்டு நடந்தேன். சனிக்கிழமைதோறும் மலையேறி வருகிறவர். அறிமுக உரையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் பிடிக்கவில்லை, அதைச் சொன்னால் அடுத்த தவணை வராது என்றார். 'வலி' உருப்படி யார் யோசனை என்று கேட்டதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. அந்த இரண்டாம் வரிசைப் பெண்ணைப் பற்றிக் கேட்டதும்தான் அவர் பேச்சில் வேகம் வந்தது. "அவளுக்கு இப்பத்தான் ஸார் மூணாம் காலம் கால்ல உக்காருது. இனிமேதான் ஜதிஸ்வரம் ஆரம்பிக்கணும்." ஆரம்பிக்க வேண்டியதுதானே என்றேன். திட்டம் மார்ச்சோடு முடிகிறது. இந்த வட்டாரம் 'முடிக்கப்பட்டது' என்று அறிக்கை போய்விட்டது. அடுத்த இரண்டு வருஷம் வேறு மாவட்டம், வேறு குழந்தைகள், மறுபடி தட்டடவிலிருந்து. ஏப்ரலில் சொந்தச் செலவில் வரப் பார்ப்பதாகச் சொன்னார். பஸ் கட்டணம் பிரச்னையில்லை, மண்டபத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும், தோட்டத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெஞ்சை ஒதுக்கிவிட்டால் போதும், தரை சிமென்ட் தரையாக இருக்கக்கூடாது, மரப்பலகை போட்டதாக இருந்தால் முழங்காலுக்கு நல்லது என்றார்.

வகுப்பறை பற்றி நான் தலைமை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.